கால்சட்டையில் எந்தப் பக்கம்?

டேய் தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் நீ நாலு தடவை எழுந்து போனாய். முதல் தடவை டெலிபோன் என்றாய். நம் வீட்டு டெலிபோன் அடிக்கவே இல்லை. இரண்டாம் தடவை கை கழுவ என்றாய். கையில் இன்னும் சோறு ஒட்டவில்லை. மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லாமலே போனாய். நாலாம் தடவை உள்ளே போனதும் குழாயைத் திறந்துவிட்டாய், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. அந்தக் குழாய் வித்தையை இந்த வீட்டில் கண்டுபிடித்தவனே நான்தான். எனக்கே அதைக் காட்டுகிறாயா? திரும்பி வந்து உட்கார்ந்தபோது உன் உதடு வெளுத்துப் போயிருந்தது. என்னடா என்று கேட்டேன். "சூடுப்பா" என்றாய். உன் அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். நீயும் நல்ல பிள்ளையாகக் குடித்தாய்.

நீ நாலாம் தடவை உள்ளே இருந்தபோது ரஞ்சி தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தாள். நான் அங்கே எச்சில் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "மாமா, இவருக்கு வயித்துக்குள்ள ஏதும் வருத்தம் இருக்கோ? நான் கேட்டா ஒண்டுமில்லை எண்டுறார். சாப்பிட்டவுடன எழும்பிப் போறார். போன மாசத்தில இருந்து மெலிஞ்சும் போனார்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சூடும்மா. எங்க வம்சத்துக்கே சூட்டு உடம்பு. கல்யாணம் ஆனா அடங்கிடும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஓம் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவினாள். உங்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், கீழே இறங்கி பஜோல் தெரு முனைவரை நடக்கிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் மாடி ஏறுகிறேன். "காலில் சக்கரமா கட்டியிருக்கு?" என்று உன் அம்மா கேட்டுவிட்டாள்.

நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீங்களெல்லாம் சிரிக்கத் தயாராகி விடுகிறீர்கள். ஐம்பது வயதுவரை கேலி பேசியே காலம் தள்ளியவனுக்கு இதுதான் தண்டனை: நிஜமாக ஒன்றைச் சொல்ல வரும்போது யாரும் நம்புவதில்லை. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கை, பிழை இருக்கும். நீயும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நல்லதுதான், மெதுவாகப் படி.

உனக்கு வந்திருப்பது சூடு இல்லை. ரத்தம் போகிறதா இல்லையா என்று உன்னிடம் நான் கேட்கப் போவதில்லை, போகிறது என்று தெரியும். உன் வயதைவிடப் பத்து வருஷம் கூட இருக்கும்போது எனக்கு ஆரம்பித்தது. நானும் சூடு என்றேன். மோர் குடித்தேன், வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தேன், பாரிஸ் குளிரில் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மூன்று வருஷம் இப்படியே ஓட்டினேன். அப்புறம்தான் டாக்டர், பெருங்குடலில் புண், சாகும்வரை கூடவே இருக்கும், மாத்திரையோடு காலம் தள்ளலாம் என்றார். பிள்ளைகளுக்கும் வரலாம், கவனமாக இருங்கள் என்றும் சொன்னார். முதல் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதையும் 'வயித்துல சின்னப் புண்ணு' என்று சுருக்கித்தான். இரண்டாம் பாதியை டாக்டர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டேன். அந்தத் தப்புக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் குடலுக்கு நான் துரை என்று பேர் வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியாது. துரை கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. பள்ளிக்கூட கான்டீனில் ஏன் பதினேழு வருஷமாகத் தட்டு கழுவுகிறேன் என்று நினைத்தாய்? சம்பளத்துக்காகவா? கழுவுகிற தொட்டியிலிருந்து எட்டு அடியில் கழிப்பறை. அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது ஞாபகம் இருக்கும். வாக்காளர் பட்டியலில் சீட்டுக் குலுக்கி என் பேரை எடுத்துவிட்டார்கள், ஜூரியாக உட்கார வேண்டும் என்று. அன்று ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ரஞ்சியின் அப்பா கடைக்கு வெங்காயம் வாங்கப் போனேன். அப்போது அவர் எனக்குச் சம்பந்தி இல்லை, வெறும் கடைக்காரர். கடிதத்தைக் கண்டதும் அவர் முகம் செத்துப் போனது.

"ஐயோ அண்ணை, இது பொலிஸ் பேப்பரோ? உங்களையும் திருப்பி அனுப்பப் போறாங்களோ?"

"எங்க அனுப்புவான், பாண்டிச்சேரிக்கா? வண்டிக் கூலி அவன் குடுத்தா நாளைக்கே கிளம்பறேன்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. என்னெண்டு சொல்லுங்கோ."

"நீதிபதி பக்கத்துல உக்காந்து ஒருத்தன் குத்தவாளியா இல்லையான்னு நான் சொல்லணுமாம்."

"நீங்களோ?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இண்டைக்கு வெங்காயத்தைச் சும்மா கொண்டு போங்கோ. பிறகு எங்கட அகதிக் கேஸ் வந்தா ஒருக்காப் பாருங்கோ."

வீட்டில் நீ சொன்னாய், டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பேசினேனே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன், குடியுரிமைக் காகிதத்தைத் தகர டப்பாவில் வைத்துக் காப்பாற்றுகிற பாண்டிச்சேரிக்காரன், அரசாங்கம் கூப்பிட்டால் மாட்டேன் என்பானா என்று. நீயும் நம்பினாய். அவ்வளவும் வேஷம். டாக்டர் சீட்டில் நோயின் பேர் இருக்கும், அதை எந்த அலுவலகத்திலாவது ஒரு பொம்பளை படிப்பாள், படித்துவிட்டு என் பேரையும் பார்ப்பாள். அந்த வெட்கத்துக்குத்தான் பயந்தேன். முகம் தெரியாத ஒருத்தி படித்துவிடக்கூடாது என்று, ஊர் முழுக்கப் பார்க்கிற மேடையில் மூன்று நாள் உட்காரப் போனேன். உன் அப்பனின் புத்தி அது.

ஒரு நம்பிக்கை இருந்தது. பெட்டியிலிருந்து சீட்டு எடுத்துப் பேரைக் கூப்பிடும்போது, இரண்டு பக்க வக்கீல்களும் பிடிக்காதவரை வேண்டாம் என்று சொல்லலாம். என் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் ஒருவராவது சொல்வார் என்று மெதுவாக, நன்றாகத் தெரியும்படி நடந்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாரிசில் இருபத்திரண்டு வருஷமாக வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் 'இல்லை' சொல்ல வைத்த முகம், தேவைப்பட்ட அன்று பாழாய்ப் போனது. சிவப்பு அங்கி போட்ட நீதிபதிக்கு இரண்டு பக்கமும் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒருத்தர் எழுந்து போனால் விசாரணையே நிற்க வேண்டும் என்றார்கள். காலையில் நான் கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் குடித்திருக்கவில்லை, துரைக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று.

வழக்கு இதுதான். பழைய கட்டடம், ஆறாம் மாடி, மாடிப்படித் திருப்பத்தில் எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. நாம் முதலில் குடியிருந்த வீடு மாதிரியே. ஒரு ரொட்டிக் கடைத் தொழிலாளி, தனி ஆள், நாற்பது வயது. பக்கத்து அறையில் ஒரு கிழவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேப்பரோடு உள்ளே போனால் ஒரு மணி நேரம் வரமாட்டார். இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் சண்டை. ஒருநாள் காலையில் கிழவர் கழிப்பறை வாசலில் நிற்க, இவன் பிடித்துத் தள்ளினான். கிழவர் படியில் உருண்டு விழுந்து மண்டை உடைந்து, பிற்பகலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தள்ளினேன், கொல்ல நினைக்கவில்லை என்று இவன் ஒத்துக்கொண்டான். சிக்கல் எங்கே என்றால், தள்ளின பிறகு இவன் நேராகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கால் மணி நேரம். அப்புறம் வேறு உடுப்போடு இறங்கிப் போய்க் கட்டடக் காவல்காரியைக் கூப்பிட்டான். போலீஸ் வந்து பார்த்தபோது இவன் அறையில் வாளியில் ஒரு நீலக் கால்சட்டை, மேலே ழவேல் தண்ணீர் ஊற்றிக் கிடந்தது. அதுதான், உன் அம்மா தரைக்கும் துணிக்கும் ஊற்றுவாளே, வெளுக்கிற தண்ணீர், அது. அரசு வக்கீல் கையை நீட்டிக் கேட்டார்: ஒரு மனிதன் படியில் செத்துக்கொண்டிருக்கிறான், இவன் ரத்தக்கறையை அழித்துக்கொண்டிருக்கிறான், குற்றமில்லாதவன் செய்கிற வேலையா இது? எதற்குத் துவைத்தாய் என்று நீதிபதி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இவன் தரையைப் பார்த்து, "அழுக்காக இருந்தது" என்றான்.

தம்பி, அந்தக் கால்சட்டை ஏன் வாளியில் இருந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெரிய மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் நானும். அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை இறுக்கி, நெற்றியில் வேர்வை. எனக்கும் அதே வேர்வை. அவன் தரையைப் பார்த்த மாதிரியே நானும் மேசையைப் பார்த்தேன். ஜூரிகள் நீதிபதியிடம் அனுமதி கேட்டுக் கேள்வி கேட்கலாம், மனதில் இருக்கிற அபிப்பிராயம் மட்டும் வெளியே தெரியக்கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். கேட்கலாம். கேட்டால், இந்த ஆளுக்கு இது எப்படித் தெரியும் என்று மற்ற எட்டு ஜூரிகளும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று முழுக்க நான் கேட்கவில்லை. அவனுடைய அக்கா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, தன் தம்பியைக் கொலைகாரன் என்று சொல்வதைச் சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்காரர் வந்து, ழவேல் தண்ணீர் எல்லாவற்றையும் அழித்துவிட்டது, ரத்தம் இருந்ததா என்று சொல்ல முடியாது என்றார். ஜூரிகளுக்குக் கேள்வி உண்டா என்று நீதிபதி வழக்கம்போல இரண்டு பக்கமும் பார்த்தார். என் கை தானாக மேலே போயிருந்தது. எழுந்து நின்றேன். "முசியே நீதிபதி, கால்சட்டையில் ழவேல் தண்ணீர் பட்டது எந்தப் பக்கம்? முன்பக்கமா, பின்பக்கமா?"

பார்வையாளர் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஆய்வுக்கூடத்துக்காரர் காகிதத்தைப் புரட்டினார், அது குறிக்கப்படவில்லை என்றார். நீதிபதி என்னை ஒரு பார்வை பார்த்தார், கோபம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்த முத்திரை வைத்த பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். ஒரு காவலர் கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். முன்பக்கம் நல்ல நீலம். திருப்பினார். உட்காருகிற இடத்திலிருந்து இரண்டு காலிலும் கீழே வரைக்கும் வெளுத்துப் போயிருந்தது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எதிரே நிற்கிற மனிதனைத் தள்ளினவனுக்குப் பின்பக்கம் ரத்தம் எப்படி வரும்?

நீதிபதி குரலைத் தணித்து அவனிடம் கேட்டார்: "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அவன் முன்னாலிருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அப்புறம், "மூன்று வருஷமாக. ரத்தம் போகிறது. அன்றைக்கு என்னால் நிற்க முடியவில்லை, அவர் வழி விடவில்லை" என்றான்.

"உங்களை முதலில் விசாரித்த நீதிபதியிடம் ஏன் இதைச் சொல்லவில்லை?"

"நான் சொல்வதை ஒரு சின்னப் பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், முசியே."

இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். துரைக்கு இந்த இடம் பிடிக்கவில்லை போல. எங்கே விட்டேன்? அந்தப் பெண். ஒரு சின்னப் பெண் தட்டச்சில் அடிக்க வேண்டியிருக்குமே என்று இவன் கொலைப் பழியோடு சிறையில் உட்கார்ந்திருந்தான். சொந்த வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சிறை மருத்துவரை வரவழைத்துக் கேட்டார்கள், அவன் சொன்னது நிஜம் என்றார். கிழவரைப் பார்த்த மருத்துவரும் வந்தார். உடனே தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது என்றார். கிழவரின் மகள் அதைக் கேட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் பொல்லாதவன் இல்லை. ஆனால் கிழவர் படியில் கிடந்த கால் மணி நேரமும் அவன் துணி துவைத்துக்கொண்டிருந்தான், யாரும் பார்த்துவிடக்கூடாது என்று. பெரியவரை வீழ்த்தியது அவன் கை. சாகவிட்டது அவன் வெட்கம். பூட்டின அறைக்குள் நாங்கள் பேசியதை, யார் எந்தப் பக்கம் சீட்டு எழுதிப் போட்டோம் என்பதைச் சாகும்வரை சொல்லக்கூடாது, சட்டம். தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அரசு வக்கீல் பன்னிரண்டு வருஷம் கேட்டார், ஐந்து கொடுத்தார்கள், அதிலும் மூன்றை நிறுத்தி வைத்தார்கள்.

இதுவரைக்கும் கேட்டால் உன் அப்பன் பெரிய ஆள் மாதிரி இருக்கும். மிச்சத்தையும் கேள். பொட்டலம் பிரித்த அன்று இடைவேளையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூரி அம்மாள், ஓய்வு பெற்ற டீச்சர், காப்பிக் கோப்பையோடு வந்தாள். "முசியே, எங்கள் ஒருவருக்கும் தோன்றாதது உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்றாள். நல்ல மனுஷி, மரியாதையாகத்தான் கேட்டாள். நான் சிரித்தபடி, "கான்டீனில் வேலை மதாம், கறையோடதான் என் குடித்தனம்" என்றேன். அவளும் சிரித்தாள். அவனை அத்தனை பேர் நடுவில் வாயைத் திறக்க வைத்துவிட்டு வந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் மண்டபத்தில் நடந்ததை, கால்சட்டைக் கதையோடு, உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"பாவம், பொண்டாட்டி இல்லாத ஆளு. அதான் வாளியில கிடந்தத யாரும் எடுக்கல" என்றாள்.

"ஏன், பொண்டாட்டி இருந்தா?"

"இந்த வீட்டுல ழவேல் தண்ணி யாரு வாங்கறா? நீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"பதினஞ்சு வருஷமா உங்க துணிய யாரு அலசறாங்கன்னு நெனச்சீங்க, மாதாவா? நீங்க விடியக்காலைல எழுந்து ஊறவைப்பீங்க, நான் திரும்ப எடுத்து ஒழுங்கா அலசுவேன். சின்னப் புண்ணாம்."

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். முதல் வருஷம். சூடுன்னு சொன்னீங்க. சரி, சொல்ல இஷ்டமில்ல போல, என்கிட்ட சொல்ற அளவுக்கு நான் ஆகலன்னு விட்டுட்டேன்."

கத்தியை வைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்பது தடவை அவளைக் கேலி செய்து அழ வைத்திருக்கிறேன், அதெல்லாம் சிரிப்போடு சேர்ந்த அழுகை. இது வேறு. பதினைந்து வருஷமாக அவள் என்னைப் பார்த்து அருவருப்பாள் என்று நான் பயந்தேன், அவளோ அந்தப் பதினைந்து வருஷமும் தான் எனக்கு அந்நியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும்தான் போன ஞாயிற்றுக்கிழமை ரஞ்சியிடம் அந்தப் பதிலைச் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழகின வாய். உன் வாயும் இப்போது பழகிக்கொண்டிருக்கிறது, அதுதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் பெண் வீட்டார் பின்வாங்குவார்கள், ஊர் பேசும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறாய். எனக்குத் தெரியும், அதே கணக்கைத்தான் நானும் போட்டேன். பிறகு என்று ஒன்று வராது. கல்யாணத்துக்கு மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டம், முதல் வருஷ முடிவில் அதைவிடக் கஷ்டம். அவளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, அரைவாசி கண்டுபிடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். எத்தனை தடவை எழுந்து போனாய் என்று எண்ணியிருக்கிறாள், எவ்வளவு மெலிந்தாய் என்று பார்த்திருக்கிறாள். மிச்சத்தை நீ சொல்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டபின் வேண்டாம் என்று சொன்னாலும் அது அவள் உரிமை. சத்திரத்துக்குக் கொடுத்த முன்பணம் போகட்டும், உன் அம்மாவுக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு என் டாக்டரிடம் உன் பேரில் நேரம் வாங்கிவிட்டேன். திட்டாதே. உள்ளே நீ தனியாகவோ அவளோடோ போ, நான் வெளியே உட்கார்ந்து பழைய பத்திரிகை பார்க்கிறேன். அதற்கு முன்னால் வியாழக்கிழமை இருக்கிறது. அன்று ரஞ்சி விமான நிலைய வேலை முடிந்து ஆறரை மணிக்குக் கூசேன்வில் வீட்டுக்கு வந்துவிடுவாள். வேலையிலிருந்து நேராக ரயிலேறி அங்கே போ. அழகாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடாதே. தமிழ் வராவிட்டால் பிரெஞ்சில் சொல். ரத்தம் என்ற சொல்லை மட்டும் விழுங்காமல் சொல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட வரும்போது நான் சமையல்கட்டில் நின்று, "உன்கிட்ட பொய் சொல்லிட்டேம்மா" என்று சொல்லப் போகிறேன். வீட்டுக்கு வரப்போகிற மருமகளிடம் மாமனார் முதல் முதலாகப் பேசுகிற நிஜப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். நினைத்தாலே கூசுகிறது. சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவள் அதை முதலில் கேட்க வேண்டியது என் வாயிலிருந்து இல்லை. வியாழக்கிழமை போடா, தம்பி.